ஓரம் அடிக்காத போர்வை

8-1-1971, வெள்ளி.
இன்றைய தவறு: சீட்டித்துணிப் பட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்துவிட்டேன். குறுக்கே வெட்டி எல்லாவற்றையும் இணைத்த பிறகுதான் கவனித்தேன். பிரித்துத் தைக்க மிஷின் கிடைக்காது. ஓரம் அடிப்பதும் பாக்கி.
நாளை: போர்வையை மாமாவுக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தாயிற்று. மாமாதான் வாங்கிக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, ஃபாக்டரிக்குக் கிளம்பிய கணவன் கஜபதியின் சைக்கிள் ஏரிக்கரைப் பனியில் மறைந்த கையோடு, சுசீலா அந்தப் போர்வையை மறுபடியும் உதறி விரித்து மாமனாரின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேம்புலி கண்ணைத் திறந்தார். கயிற்றுக் கட்டிலில் அவர் இருப்பதே தெரியாத அளவுக்கு உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது. கால்கள் மட்டும் வீங்கி, வேறு யாருடையவோ போல நீட்டிக் கிடந்தன. வெள்ளானூரில் கூலிக்கு ஏர் பிடித்த காலத்திலும், பிறகு ஆவடியில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்த காலத்திலும் மேல் சட்டை போடாமலே மார்கழியைக் கடத்தியவர் என்று கஜபதி சொல்வான். இப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு மேலே வந்து போயிற்று.

“வேணாம்,” என்றார்.

“பனி கொட்டுது மாமா. பாருங்க, கை ஐஸா கீது. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்.”

“எட்து…”

போர்வைக்கு அடியிலிருந்து அவர் கை ஊர்ந்து வந்தது. விளிம்பைப் பிடித்தது. ஓரம் அடிக்காத விளிம்பு. பிசிறு நூல்கள் விரலில் சுற்றிக்கொண்டன. தள்ளப் பார்த்தார். முடியவில்லை. சுசீலா அந்தக் கையை மெல்லப் பிடித்து உள்ளே வைத்து, கழுத்துவரை இழுத்துவிட்டாள். கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் மாமனாரின் கையை அவள் தொட்டதே இல்லை. அவரும் அவளிடம் நேராகப் பேசியது கொஞ்சம்தான். சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு, “தட்டு வெக்கச் சொல்லு,” என்பார். சுவர் அதை அவளிடம் சொல்லும்.

நான்கு நாளாக இதே கதைதான். சனிக்கிழமை மாலை அவள் போர்வையைக் கொண்டுவந்து விரித்தபோது, அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வெக்கையா கீது,” என்றார். மார்கழிக் கடைசியில், ஏரிக்காற்று வீட்டுக்குள் குடிவந்துவிட்ட நேரத்தில், வெக்கை! மாமியார் நாகம்மா அத்தை, “அவருதான் வேணான்றாரே, வுடேன்,” என்றாள். ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் சுசீலா அதைப் போர்த்திவிட்டுத்தான் போய்ப் படுத்தாள். ஒவ்வொரு காலையும் அது கட்டிலுக்குக் கீழே, அத்தை படுத்த இடத்துக்குப் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. அவர் உதைத்துத் தள்ளியிருக்கிறார், அத்தை எடுத்து மடித்திருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்பக்கம் திரும்பிய அந்த வெளுத்த சீட்டித் துண்டுகள் அவர் கண்ணை உறுத்துகின்றன போலும். ஒரு மனிதர் சாகக் கிடக்கும்போதாவது நேராக ஒரு பொருளைத் தைத்துக் கொடுக்கத் தன்னால் ஆகவில்லையே என்று இருந்தது.

அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். குவார்ட்டர்ஸ் மாதர் சங்கத்தின் சாயங்காலத் தையல் வகுப்பில் மிதிமிஷின் நான்குதான். பெண்களோ கூடம் நிறைய. ஒருத்தி எழுந்தால்தான் இன்னொருத்தி உட்காரலாம். அதனால் டீச்சர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் குறுக்கு வழி. கத்தரியைத் தொடாதே, ஓரத்தில் ஒரு நறுக்குப் போட்டுக் கிழி, துணி தன் இழை பிடித்து நேராகப் போகும். சின்னச் சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்காதே. நீளப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்துக்கொள், பிறகு மொத்தமாகக் குறுக்கே வெட்டு, வரிசை வரிசையாகச் சதுரங்கள் தானாக வந்துவிடும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பி இணை. ஒன்று முடிந்ததும் நூலை அறுக்காதே, ஊசி நிற்பதற்குள் அடுத்ததை நுழைத்துவிடு. சுசீலா எல்லாவற்றையும் எழுதிவைத்து அப்படியே செய்தாள். கஜபதியின் பழைய காக்கி, மாமாவின் கட்டம் போட்ட லுங்கி, அத்தையின் அரக்குப் புடவை, ஜன்னலில் தொங்கிய பூப்போட்ட சீட்டி. மிஷினுக்குப் பின்னால் துண்டுகள் ஒரே நூலில் தோரணம் போலத் தொங்கியபோது பக்கத்து நாற்காலிப் பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

லுங்கிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது. காக்கிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சீட்டிக்கு உண்டு. பட்டையாக இருந்தபோது ஒரு தவறு. குறுக்கே வெட்டியதும் அது வரிசைக்கு ஒன்றாகிவிட்டது. திருநெல்வேலிக்கார டீச்சர் அதை விரித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். “ஏளா, ஒரு தப்பைப் பண்ணி, அதை அளவெடுத்து வெட்டி, ஊருக்கே பங்கு போட்டிருக்கியே!”

உள்ளே வைக்கப் பஞ்சு இல்லை. வீட்டிலிருந்த கிழிந்த கம்பளியை வைத்தாள். பின்பக்கத்துக்கு ஒரு பழைய புடவை. முழுக்கத் தையல் ஓட்ட நேரமில்லாமல், மூலைக்கு மூலை தடித்த நூலால் முடிச்சுப் போட்டு மூன்றையும் பிடித்து நிறுத்தினாள். ஓரத்துக்கு வரும்போது வகுப்பு விட்டுவிட்டார்கள்.

இப்போது அந்த முடிச்சுகள் மாமாவின் மார்பின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அத்தை தெருப் பம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சுசீலா கட்டிலின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். மூன்று இரவாகச் சரியான தூக்கமில்லை. கண் எரிந்தது. முடிச்சுகள் ஏறின. இறங்கின. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. ஏதோ பெரிய கணக்கை இவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அலுத்துப்போன மாதிரி இருந்தது.

“எட்து பொண்ணே,” என்றார் மறுபடி. சுவரிடம் சொல்லவில்லை. அவளிடமே சொன்னார்.

“எடுக்கறேன் மாமா. அத்தை வரட்டும்.”

முடிச்சுகள் ஏறின. இறங்கின. அவள் கண் ஒரு தரம் மூடித் திறந்தது. வாசலில் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அத்தை திட்டுவாளே என்ற நினைப்பா, அவர் எடு என்று சொன்னதா, எது என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டென்று எழுந்து போர்வையை உருவினாள். பிசிறு நூல் ஒன்று அவர் விரலில் சிக்கியிருந்தது. அதை அறுத்துவிட்டு, போர்வையை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள்.

நாகம்மா ஈரக் காலோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த இன்னொரு குடத்தை ஒரு சொட்டுத் தளும்பாமல் கீழே வைத்தாள். புருஷனின் மூக்குக்கு அருகில் புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“பூட்டாரு,” என்றாள்.

பிறகு கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். “இன்னும் ரெண்டு கொடம் புடிக்கணும்னு நென்ச்சுகினே வந்தேன் சுசி. ரெண்டு கொடம்.”

அதற்குப் பிறகு அந்த நாள் மற்றவர்களுடையதாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா ஓடி வந்து முதல் குரல் எடுத்தாள். அவள் புருஷன் உலகநாதன் ஃபாக்டரி கேட்டுக்குச் சைக்கிளில் போய்ச் சொல்ல, கஜபதி காக்கி உடுப்போடு வந்து வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டான். அது சரிந்து விழுந்தது. யாரும் நிமிர்த்தவில்லை. “நைனா,” என்று ஒரு தரம் கூப்பிட்டான். பதில் வராது என்று தெரிந்ததும் பந்தலுக்கு மூங்கில் கேட்கப் போய்விட்டான். லீவு தீர்ந்துபோனதால்தான் காலையில் வேலைக்குப் போனான். மத்தியானம் பர்மிஷன் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

பறை வந்தது. மாலைகள் வந்தன. நாளைக்குப் போகி. தெருவில் கொளுத்துவதற்கு ஒவ்வொரு வாசலிலும் பழைய பாயும் கூடையும் சேர்ந்திருந்தன. வந்தவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

“பண்டிக நேரமாப் பாத்துப் பூட்டாரு. உங்களுக்குப் பொங்கலும் இல்ல ஒண்ணும் இல்ல,” என்றாள் ஒருத்தி.

“அந்தாளுக்கு எப்பவும் அட்த்தவங்கள வேல வாங்கத் தெரியாது,” என்றாள் நாகம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே. “இப்பதான் ஒரேடியா வாங்குறாரு.”

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சுசீலா தண்ணீர் கொடுத்தாள். காபிக்குச் சட்டி தேடினாள். கேட்டவர்களுக்கெல்லாம், “காலைலதான், அத்தை தண்ணிக்குப் போயிருந்தாங்க,” என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வேறு யாருக்கோ நடந்தது போல ஆயிற்று. கால் கடுத்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள்.

ஊருக்குத் துணி வெளுக்கும் முனியன் பின்வாசல் பக்கமாக வந்தார். காலையிலிருந்து மாற்றுத் துணி விரிப்பதும் தண்ணீர் ஊற்றுவதுமாக அவரும் நின்றபடிதான் இருந்தார். போனவர் மேல் கிடந்ததும் அவருக்கு அடியில் கிடந்ததும் வீட்டில் இருக்கக் கூடாது. அது முனியனைச் சேரும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாத வழக்கம். பாயைச் சுருட்டினார். தலையணையைத் தட்டிப் பார்த்து அதன் மேல் வைத்தார். கொடியில் கிடந்த வேட்டிகளைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை டிரங்குப் பெட்டியின் மேல் போய் நின்றது.

“அது இன்னா, புதுசாட்டம் கீது, கட்டம் கட்டமா. அதுவுமா?”

சுசீலா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“எல்லாத்தையும் இங்கயே வெச்சுட்டுப் போ முனியா,” என்றாள் நாகம்மா உள்ளிருந்து. “நாளைக்குப் பால் தெளிச்சதும் வா. குட்க்கறத குட்க்கறேன்.”

“கேட்டேன், அவ்ளோதான். மேல கெடந்த சாமான ஊட்ல வெச்சுக்கினா உங்களுக்குத்தான் ஆவாது. எனக்கு இன்னா?” முனியன் பாயைச் சுவரோரம் சாத்திவிட்டு, “நல்ல மனுசன்,” என்று கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டைக் கழுவினார்கள். குளித்தார்கள். தலை கிடந்த இடத்தில் அகல் ஏற்றி வைத்தார்கள். கஜபதி மொட்டையடித்த தலையோடு திரும்பி வந்து, ஈர வேட்டியை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் நடையில் சுருண்டு படுத்தவன் உடனே தூங்கிப்போனான். விளக்கு வைக்கும் நேரம். எதிர்வீட்டில் யாரோ போகிக்குப் பறையடித்துப் பார்த்த குழந்தையை அதட்டி நிறுத்தினார்கள்.

நாகம்மா அகலுக்கு முன்னால் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரக் கூந்தலை முடியவில்லை. சுசீலா சுவரில் சாய்ந்தாள்.

“முனியன் கேட்டான் பாரு, அதுவுமான்னு,” என்றாள் நாகம்மா.

“ம்.”

“அந்தாளுக்கு வெக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ராத்திரி ராத்திரி உருட்டிக் கட்டுலுக்குக் கீழ தள்ளுவாரு. எம்மேல வுழும். நான் தூங்கிட்டன்னு அவுரு நெனப்பு. நான் எழுந்து மறுக்கா போத்துவேன். மறுக்கா தள்ளுவாரு. சின்னப் பசங்க மாரி. கடேசில எனக்கே தூக்கம் வந்து, சரி போன்னு போத்திக்குவேன். விடியக்காலம் மடிச்சு வெச்சுடுவேன்.”

சுசீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏன் அத்தே?”

“ஏன்னா? ஊட்ல இருந்த ஒரே கம்பளிய நீ அதுக்குள்ள வெச்சுத் தச்சுட்ட. அவுரு மேல கெடக்கறப்ப உசுரு போச்சுன்னா முனியன் தூக்கினு பூடுவான். அப்பால நான் இன்னாத்தப் போத்திக்கறது? ஞாயித்துக்கெழம சொன்னாரு. ‘அத்த எம்மேல போடாதீங்க. அந்தப் பொண்ணு கிழிச்சுக் கிழிச்சு ஒட்னது. ஊட்லயே கெடக்கட்டும்’னாரு. அத்தச் சொல்றதுக்குள்ள நாலு தபா இருமிட்டாரு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ அழுவ. எட்துகினு வந்து ஆசையாப் போத்துற. சாவப்போற ஆளு இத்தப் போய் உங்கிட்ட சொல்வாரா?”

சுசீலா அகலைப் பார்த்தாள். திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. அந்த வெளுத்த துண்டுகளை அவர் பார்த்தாரா என்று கேட்க வாயெடுத்தாள். “அந்த சீட்டி, உள்பக்கம் திரும்பினது…”

“இன்னா சீட்டி?” என்றாள் நாகம்மா.

“ஒண்ணுமில்ல.”

ஆனால் ஒன்று இருந்தது. கண்ணம்மாவிடமும் கஜபதியிடமும் சொன்ன அந்த ஒரே வாக்கியத்துக்குள் அது அடங்கவில்லை. சொல்லாமல் விட்டால் முனியனுக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொண்டதாகும். வீட்டுக்கு ஏதாவது ஆனால் அது தன்னால்தான். சொன்னால் போர்வை போய்விடும். கம்பளியோடு, அத்தையின் மூன்று ராத்திரியோடு, அவர் தள்ளித் தள்ளிக் காப்பாற்றியதோடு.

“அத்தே.”

“சொல்லு.”

“காலைல நீங்க பம்புக்குப் போனீங்க இல்ல. ரொம்ப நடுங்கினாரு. நான் போத்தினேன். எடுன்னு சொன்னாரு. நான் எடுக்கல. அது அவர் மேலதான் இருந்துச்சு.”

நாகம்மா திரும்பவில்லை. நீட்டியிருந்த கால் விரல்கள் மட்டும் அசைவதை நிறுத்தின.

“எப்ப எட்த்த?”

“வாசல்ல நீங்க கொடத்த எறக்குனப்ப.”

“அப்ப உசுரு இருந்துச்சா?”

சுசீலா யோசித்தாள். எப்போதும் போல ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பார்த்தாள். முடிச்சுகள் ஏறி இறங்கின. தன் கண் மூடித் திறந்தது. குடத்தின் சத்தம். எழுந்தது. உருவியது. விரலில் சிக்கிய நூல். அந்த விரல் நூலைப் பிடித்திருந்ததா, நூல் விரலில் வெறுமனே சுற்றியிருந்ததா? கண்ணை மூடித் திறந்தபின் முடிச்சுகள் ஏறினவா? அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. எவ்வளவு தேடியும் அங்கே எதுவும் அகப்படவில்லை.

“தெரியல அத்தே.”

நாகம்மா அகலின் பக்கம் குனிந்து, சாய்ந்திருந்த திரியைக் குச்சியால் நிமிர்த்தினாள். விரலில் ஒட்டிய எண்ணெயைக் கூந்தலில் தடவிக்கொண்டாள். நடையில் கஜபதி தூக்கத்தில் எதையோ முனகிவிட்டுப் புரண்டான்.

“தெரியலன்னா இருந்துச்சு,” என்றாள்.

சுசீலா அவளையே பார்த்தாள்.

“இன்னா பாக்குற? நான் வந்து கை வெச்சுப் பாத்தப்பதான் போச்சு. எங்கையிலதான் கடேசி மூச்சு பட்டுச்சு. யாரு கேட்டாலும் அதான்.” குரல் அங்கே கொஞ்சம் இடறியது. இருமிச் சரிப்படுத்திக்கொண்டாள். “கழுவுன தரை, காலு வெறைக்குது. அத்த எட்து இப்டி.”

சுசீலா டிரங்குப் பெட்டியிலிருந்து போர்வையை எடுத்து உதறினாள். நாகம்மா அப்படியே தரையில் சாய்ந்து முழங்காலை மடக்கினாள். காக்கியும் லுங்கிக் கட்டமும் அரக்கும் அவள் மேல் வந்து படிந்தன. சீட்டியின் வெளுத்த துண்டுகள் கால்மாட்டிலிருந்து தோள்வரை வரிசைக்கு ஒன்றாக ஏறிப் போயின. விளிம்பில் பிசிறு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அறுத்த நூலின் நுனி எது என்று சுசீலா தேடினாள். எல்லா நூலும் ஒரே மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போர்வையின் முடிச்சுகள் ஏறி இறங்கத் தொடங்கின. அவை சீராக ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு டைரியை எடுத்து, அகலின் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

12-1-1971, செவ்வாய்.
இன்றைய தவறு:

பேனாவை எடுத்துவிட்டாள். மை நுனியில் காய்ந்துபோகும்வரை அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, பேனாவை உதறி, அடுத்த வரிக்கு வந்தாள்.

நாளை: பால் தெளிக்க விடியற்காலையிலேயே பால் வாங்கி வைக்க வேண்டும். முனியனிடம் கொடுக்க வேண்டியவை: பாய், தலையணை, கொடியில் உள்ள வேட்டி இரண்டு. அவ்வளவுதான்.